பாலாறும் பொருந்தலாறும் வறளும் காலம்

சண்முகநதியில் நீரோட்டம் நின்றுவிட்டால், "இந்த வருஷத்தோடு போயிற்று, அடுத்த ஐப்பசியில் அணை நிறையும்" என்று பாலசமுத்திரம் பக்கத்துக் குடியானவர்கள் சொல்வது வழக்கம். பல சமயம் அவ்வாறே நடக்கவும் செய்கிறது. ஆயினும் அந்நம்பிக்கையின்மேல் கடன் வாங்கிக் கரும்பு நடுவோர், ஆற்றின் போக்கை ஒரு வருஷக் கணக்கால் அளக்கலாகாது என்பதை அறிதல் அவசியம்.

பாலாறும் பொருந்தலாறும் கொடைக்கானலைச் சார்ந்த மலைச்சரிவுகளில் உற்பத்தியாகி, நமதூரை அடுத்த 65 அடி அணையில் சேர்கின்றன. அங்கிருந்து சண்முகநதிக்கும், அமராவதிக்கும், முடிவில் காவிரிக்கும் செல்கின்றன. மலைமேல் பெய்யும் இருபருவ மழையும், அம்மழையைச் சோலைக்காட்டு மண் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடுவதுமே இவற்றின் ஜீவன். பெய்த மழையை முதலில் குடிப்பது உலர்ந்த மண், அடுத்து மரஞ்செடிகள், மிஞ்சியதே ஆற்றிற்கு வரும். ஆகவே மழை நாலிலொரு பங்கு குறைந்தால் ஆற்றுநீர் அதனினும் அதிகமாகக் குறையும். ஒரு வருஷம் மழை தவறினால் முந்திய வருஷத்துக் கசிவு ஓரளவு காப்பாற்றும். இரண்டு வருஷம் சேர்ந்து தவறினாலோ அக்கசிவும் அற்றுப்போகும். மூன்றாம் வருஷம் நல்ல மழை பெய்தும் அணைக்கு ஜலம் வரத் தாமதிப்பது இதனாலேயே.

மழை தவறுவது ஏதேனும் ஒழுங்குக்கு உட்பட்டதா என்னும் கேள்வி நம் நாட்டில் பலமாக எழுந்தது தாது வருஷப் பஞ்சத்திற்குப் பின்பு. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டனர் என்பது மதிப்பீடு. சூரியனின் மாறுதல்களை அறிந்தால் பருவமழையை முன்னறியலாம் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே 1899-ல் கொடைக்கானலில், அதாவது நமது ஆறுகள் பிறக்கும் மலைமீதே, சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. சூரியனைப் பற்றி அங்கே அநேக விஷயங்கள் தெரியவந்தன. மழையின் சூட்சுமமோ பெரும்பாலும் கடலில் இருந்தது. பசிபிக் பக்கத்தில் காற்றழுத்தம் உயரும்போது இந்து மகாசமுத்திரப் பக்கத்தில் தாழ்வதும், பின் மாறுவதுமான ஊசலாட்டத்தை, இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் 1924-ல் எடுத்துக்காட்டினார்.

பசிபிக்கின் நடு, கிழக்குப் பாகங்களில் கடல்நீர் வழக்கத்தினும் உஷ்ணமாவதை எல் நினோ என்பர். அவ்வருஷங்களில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தளரும்; 1877 அத்தகைய வருஷம். ஆனால் பத்திரிகையில் அப்பெயரைக் கண்டவுடனே நம்மவர் அஞ்சுவது முழுதும் சரியன்று. நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழைக்கு அது பல சமயம் அனுகூலமே. 2015-ல் எல் நினோ பலமாயிருந்தபோதுதான் சென்னையில் பெருவெள்ளம் வந்தது. கடலின் நிலை மாறிய 2016-ல், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை சராசரியில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

இவற்றினும் நீண்ட வறட்சிகள் உண்டு. ஆசியாவின் முதிர்ந்த மரங்களின் வருஷ வளையங்களை அளந்து 2010-ல் வெளியான ஆராய்ச்சியில், 1756 முதல் 1768 வரையிலும், 1790 முதல் 1796 வரையிலும் பெருவறட்சிகள் புலப்பட்டன. அணை கட்டியபின் நாம் கண்ட வருஷங்கள் இக்கணக்கில் ஒரு சிறு துண்டே.

ஆதலால் கார்த்திகை முடிவில் அணையின் மட்டத்தையும் தம் கிணற்றின் மட்டத்தையும் சேர்த்துப் பார்த்த பின்பே தைப் பட்டத்துச் சாகுபடியைத் தீர்மானிப்பது சிலாக்கியம். கரும்புக்கு 10 முதல் 12 மாதம் ஜலம் வேண்டும். சோளம் சுமார் 100 நாளிலும், உளுந்து சுமார் 70 நாளிலும் கைக்கு வரும். முந்திய வருஷமும் அணை நிறையாதிருந்தால், தென்னை வைத்திருப்போர் புதிதாய்க் கரும்பு நடாது, உள்ள ஜலத்தைத் தென்னைக்கே வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆறு வற்றியதும் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன்படுவோர் ஒன்றை மறக்கின்றனர். ஆற்றோரக் கிணறுகளில் ஊறுவது பெரும்பாலும் அந்த ஆற்றின் ஜலமே. அயலார் நால்வர் தோண்டியபின் தோண்டும் ஐந்தாவது கிணறு, பல இடங்களில் அந்நால்வர் பங்கைப் பிரித்துக்கொள்கிறதேயன்றிப் புது ஜலம் கொணர்வதில்லை. அத்தொகையில் ஒரு பாகத்தைக்கொண்டு நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டலாம். வெட்டும் வேலை ஆடி முடிவதற்குள் தீரவேண்டும். ஐப்பசி மழை பிடித்தபின் போட்ட கரை இளகிச் சரிந்துவிடும்.