மழைக்கு முன் மோட்டார் கேபிளுக்கு மூடி போடுங்கள்

ஐப்பசி பிறந்தால் பிரம்மதேசம், மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்தில் அடைமழைக் காலம் தொடங்கிவிடும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய மழையில் பயிருக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து கிணற்றடியில் தொங்கும் கேபிள் இணைப்பில் இருக்கிறது.

ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மேலே வரும் கேபிளும், ஸ்டார்ட்டரிலிருந்து வரும் கேபிளும் சேரும் இடம் இது. பலர் இதன்மேல் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டிவிடுகின்றனர். இது தவறு. பைக்குள் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். செம்புக் கம்பி களிம்பேறி இணைப்பு சூடாகும். ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து இரும்புக் குழாயில் பாயும்.

இதைத் தடுக்கும் மூடியை வீட்டிலேயே செய்யலாம். 4 அங்குல பி.வி.சி. குழாயில் ஓர் அடித் துண்டு, அதற்கேற்ற மூடி, ஒட்டும் சொலூஷன், இரண்டு கிளாம்பு போதும். மேல் வாயில் மூடியை ஒட்டிவிடவும். கீழ் வாயை அடைக்கக் கூடாது. பல்லி, குளவி புகாமல் கொசுவலை கட்டினால் போதும். முன்பு வெள்ளம் ஏறிய அளவுக்கு மேலாக, கல் தூணில் இதைப் பொருத்தவும். இரண்டு கேபிள்களும் கீழிருந்தே உள்ளே ஏற வேண்டும். ஏறுமுன் சற்றுத் தாழத் தொங்கி வளையட்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இணைப்பில் மூன்று கம்பிகளையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டிச் சேர்த்தால் ஒன்றோடொன்று உரசாது. முதலில் ரப்பர் டேப், அதன்மேல் பி.வி.சி. டேப் சுற்றவும்.

வேலைக்கு முன் மெயினை நிறுத்தி, பியூசுகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டரோ, செல்போன் ஸ்டார்ட்டரோ இருந்தால் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடலாம். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கம்பியைத் தொட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது.

மூடி போட்டாலும் நல்ல எர்த்தும், மின்கசிவு தடுப்புக் கருவியும் அவசியம். மோட்டார் கொட்டகையைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டால் அருகில் செல்லாமல் மின்வாரிய அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். புரட்டாசிக்குள் இந்த வேலையை முடித்துவிடுவது நலம்.