எழுந்து நடக்கும் நிலம் – 6: வாசற்படியில் நிற்கும் வைத்தியம்

2009 மே 9ஆம் திகதிக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் முள்ளிவாய்க்கால் கரைக்கு வரவில்லை. பெப்ரவரியிலிருந்து காயக்காரரைத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றிப்போனது அதுதான். உயிர் தப்பியவர்களில் முள்ளந்தண்டு வடத்தில் ஷெல் துண்டு பட்டவர்கள் உண்டு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சிறுநீர் போவதும் தெரியாது. போர் முடிந்தபின் வவுனியா பம்பைமடுவில் இவர்களுக்கென ஒரு புனர்வாழ்வு நிலையம் இயங்கியது. சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை முடிந்த இடத்தில் இயன்மருத்துவரின் வேலை தொடங்கியது.

அந்த வேலை வெளியில் அதிகம் தெரியாதது. இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை, முள்ளந்தண்டு முறிந்த படைவீரரைச் சாகப்போகிறவர் என்றே மருத்துவ உலகம் ஒதுக்கியது. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் அதை மறுத்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். கொன்றது முறிவு அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். வன்னியில் அந்தப் புரட்டலைச் செய்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் மனைவிமாரும். கட்டிலிலிருந்து சில்லு நாற்காலிக்கு மாறுவது, கைகளை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கி அழுத்தம் குறைப்பது, மூட்டு இறுகாமல் காலை மடக்கி நீட்டுவது: இவற்றை அவர்களுக்கும் பழக்கிவிடுவதுதான் இயன்மருத்துவம்.

இந்தத் தொழிலுக்கு வர, உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுக்க வேண்டும். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. வைத்தியத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் வருகிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்து முடித்தால் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிய வேண்டும். பிரித்தானியா 1960இலேயே இத்தகைய தொழில்களுக்குத் தனிச் சட்டம் போட்டது. இந்தியா 2021இல் இவற்றுக்கான தேசிய ஆணைக்குழுச் சட்டம் கொண்டுவந்தது. நமது இயன்மருத்துவர்களோ வைத்தியர்களின் பேரவைக்குள்ளேயே இருக்கிறார்கள். தமக்கென ஒரு சட்டம் கேட்பது நியாயம்தான். ஆனால் வன்னியில் வேலை செய்கிறவர் முதலில் பேச வேண்டியது நோயாளியின் சட்டத்தைப் பற்றி என்பது என் எண்ணம்.

ஏனென்றால் சட்டம் இருக்கிறது. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வழி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. அரச வேலையில் அவர்களுக்கு மூன்று வீதம் ஒதுக்கும் சுற்றறிக்கை 1988ஆம் ஆண்டினது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. காகிதத்துக்குக் குறைவில்லை.

காகிதத்தை அசைத்தவர் ஒருவர் உண்டு. கலாநிதி அஜித் பெரேரா, இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடும் கார் மீது மரம் விழுந்ததில் சில்லு நாற்காலிக்கு வந்தவர். 2009இல், முள்ளிவாய்க்கால் எரிந்த அதே ஆண்டில், அவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். 2011 ஏப்ரலில், புதிய பொதுக் கட்டடங்களில் இந்த ஒழுங்குவிதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. தெற்கில் நடந்த வழக்குத்தான். ஆனால் முல்லைத்தீவில் புதிதாக எழும் பிரதேச செயலகத்தையும் வங்கியையும் பள்ளிக்கூடத்தையும் அது கட்டுப்படுத்தும்.

இங்கேதான் இயன்மருத்துவர் தேவைப்படுகிறார். படி ஏற முடியாமல் பள்ளியை விட்ட பிள்ளை, மணல் பாதையில் நாற்காலி ஓடாததால் கிளினிக்கைத் தவறவிட்டுப் புண்ணோடு திரும்பியவர் என ஒவ்வொருவரின் கதையும் அவருடைய பதிவேட்டில் கிடக்கிறது. அதுதான் சாட்சியம். மாங்குளத்திலிருந்து இயங்கும் 'உயிரிழை' போன்ற முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் குரல் கொடுக்கின்றன. அந்தக் குரலுக்குப் பக்கத்தில் மருத்துவக் குறிப்பும் சேர்ந்தால் அதிகாரி தட்டிக்கழிக்க முடியாது.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டடத்துக்குள் நுழைய வழி மறுக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். உங்கள் ஊர்ச் செயலகத்தில் சாய்தளம் இல்லையென்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தோடு உங்கள் இயன்மருத்துவரின் குறிப்பையும் இணையுங்கள். வரும் பதிலை எங்களுக்கு அனுப்பினால் இத்தொடரில் பேசலாம்.