காட்டிக்கொடுத்தவனுக்குப் பந்தியில் இடமுண்டோ?

நம் சபைகளின் வாலிபர் இந்நாட்களில் விரும்பிப் படிப்பனவும் திரையில் காண்பனவும் பெரும்பாலும் மாய உலகக் கதைகளே. சூனியம் மலிந்தவை என்று அவற்றைத் தள்ளிவிடுதல் ஆயர்களாகிய நமக்கு எளிது. ஆயினும் காட்டிக்கொடுத்தல், வேற்றுமை, ஏற்றத்தாழ்வு என்னும் மூன்றும் அவற்றுள் எவ்வாறு பிணைந்துள்ளன என்று ஆராய்வது நம் அருட்பணிக்குப் பயன் தரும்.

சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகள் ஏழும் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. முதற்கதையில் எட்மண்டு என்னும் சிறுவன் ஓர் இனிப்புக்கும் அரச பதவி பற்றிய வாக்குறுதிக்கும் மயங்கி, உடன்பிறந்தாரைச் சூனிய அரசியிடம் காட்டிக்கொடுக்கிறான். துரோகியின் உயிர் அவளுக்கே உரியது என்பது அந்நாட்டின் பழஞ்சட்டம். சிங்கமாகிய அஸ்லான் அவனுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுத்து, மீண்டும் உயிர்த்தெழுகிறது. துரோகம் செய்த அச்சிறுவனே பின்பு நீதியுள்ள அரசன் எனப் பெயர் பெறுகிறான்.

ஜே. கே. ரோலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதைகள் (1997–2007) மற்றொரு கோணத்தைக் காட்டுகின்றன. கிரீச்சர் என்பவன் தலைமுறை தலைமுறையாக அடிமைவேலை செய்யும் இனத்தான். எசமானனாகிய சிரியஸ் அவனை வெறுத்து இழிவாய் நடத்துகிறான். 2003இல் வெளிவந்த ஐந்தாம் நூலில் கிரீச்சர் அவனைப் பகைவரிடம் காட்டிக்கொடுக்க, அவன் மாள்கிறான். 2007இல் வெளிவந்த இறுதி நூலில் ஹாரி அன்பு காட்டியபோது அதே கிரீச்சர் மனம் மாறுகிறான். துரோகத்தின் வேர் சில வேளைகளில் துரோகம் செய்தவனிடம் மட்டுமன்று, அவனைத் தாழ்த்தியவரிடமும் உண்டு என்பதே இதன் பொருள். யோசேப்பின் சகோதரர் அவனை இருபது வெள்ளிக்காசுக்கு விற்குமுன், தகப்பன் ஒருவனுக்கு மட்டும் பலவருண அங்கி செய்வித்தான் என்பதை ஆதியாகமம் 37ஆம் அதிகாரம் மறைக்கவில்லை.

எனினும் இக்கதைகள் குறையற்றவையல்ல. லூயிஸ் படைத்த கலோர்மன் நாட்டார் கருநிறத்தார். பெரும்பாலும் பகைவராகவே வருகின்றனர். ரோலிங் கதையில் அடிமைகளின் விடுதலைக்கு உழைக்கும் ஹெர்மயனி நகைப்புக்கு ஆளாகிறாள். சமத்துவம் பேசும் கதையிலும் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கக்கூடும் என வாலிபருக்குக் காட்டுவது நம் கடமை.

இவை யாவும் நமக்குத் தொலைவானவை அல்ல. ஜவ்வாது மலையில் சாமை விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடியினரைக் கூலி ஆசை காட்டிச் செம்மரம் வெட்ட இடைத்தரகர் அழைத்துச் செல்வதுண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர்.

ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் நாம் அறிந்த ஒரு வாலிபன், முன்பணம் வாங்கிக்கொண்டு தன் சித்தி மகனைத் தரகனிடம் சேர்த்துவிட்டான். அவன் சிறைப்பட்டான். ஊரார் இவனோடு உண்பதை நிறுத்தினர். சபையாரும் அவ்வாறே செய்தனர், நாமும் கண்டிக்காதிருந்தோம். நார்னியாப் படத்தைப் பார்த்திருந்த விடுதி மாணவி ஒருத்தி நம்மிடம், “எட்மண்டைச் சேர்த்துக்கொண்டார்களே ஐயா, இந்த அண்ணனை மட்டும் ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை?” என்று கேட்டாள். நாம் விடையின்றி நின்றோம்.

திருமறை விடையளிக்கிறது. காட்டிக்கொடுப்பவனுடைய கையும் ஆண்டவரின் பந்தியில் இருந்தது (லூக்கா 22:21). மறுதலித்த பேதுருவுக்குக் கடற்கரையில் உணவு ஆயத்தமாயிருந்தது (யோவான் 21). இதனால் துரோகம் சிறிதாகிவிடுவதில்லை. அஸ்லானின் மரணமும் சிலுவையும் மன்னிப்பு மலிவானதன்று என்றே கூறுகின்றன. ஆகவே மனந்திரும்புதலைக் கோரும் பிரசங்கியார், வறுமையை விலைபேசும் தரகரையும், மலைமக்களைத் தாழ்வாய் எண்ணும் சமவெளியாராகிய நம்மையும் அதே அருளுரையில் கடிந்துகொள்ளவேண்டும்.

அடுத்த திருவிருந்து நாளில் அவ்வாலிபனை நாமே வீடு சென்று அழைத்தோம். அவன் வந்தான், அவன் சித்தி வரவில்லை. அவளிடமும் செல்வது நம் பணி. அது இன்னும் முடியவில்லை.