கார்டைத் தட்டினால் பணம் எப்படிப் போகிறது?

காத்தான்குடி புடவைக்கடையில் கார்டைத் தட்டியதும் மெஷின் ‘பீப்’ என்கிறது. அடுத்த சில நொடிகளில் கடைக்காரருக்குக் கிடைப்பது பணமல்ல, வங்கியின் உறுதிமொழி. கார்டின் சிப், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் இரகசியக் குறியீட்டை உருவாக்குகிறது. அந்தக் குறியீட்டைத் திருடினாலும் மறுபடி உதவாது. பழைய காந்தப்பட்டையில் எப்போதும் ஒரே தகவல்தான், அதனால்தான் நகலெடுப்பது எளிதாக இருந்தது.

குறியீடு கடையின் வங்கிக்குப் போய், விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்பு வழியாகக் கார்ட் கொடுத்த வங்கியை அடைகிறது. அந்த வங்கி மீதி பார்த்ததும் விடை திரும்புகிறது. கணக்குத் தீர்ப்பது பிறகு, கமிஷன் கழித்துத்தான். அந்தக் கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்கிறது இலங்கை மத்திய வங்கி, நியாயமான விதி.

வாவிக்கரை மீன் வியாபாரிக்கு மெஷினே தேவையில்லை. வங்கிக் கணக்கும், அச்சிட்ட லங்கா கியூஆர் அட்டையும் போதும். வாங்குபவர் தன் வங்கிச் செயலியில் அதை ஸ்கேன் செய்து பணம் அனுப்பலாம்.