மரம் தாங்கும் கார்

பிரிட்டனில் மோரிஸ் மைனர் டிராவலர் காரைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனால், சோதிப்பவர் பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்த்துவிட்டு மரத்தையும் தட்டிப் பார்ப்பார். பின்பகுதிச் சட்டத்தில் மரம் மக்கியிருந்தால் கார் தேறாது. மரம் வைத்த பெரும்பாலான கார்களில் அது மங்கினால் அழகுதான் போகும். இதில் கூரையே ஆட்டம் காணும். முன் இருக்கைக்குப் பின்னால் இந்தக் காருக்கு இரும்புத் தூண்களே கிடையாது. கூரை, பக்கக் கண்ணாடிகள், இரட்டைப் பின்கதவுகள் அத்தனையையும் தாங்குவது ஆஷ் மரச் சட்டம்தான். சட்டத்தின் இடைவெளிகளை அலுமினியத் தகடுகள் மூடுகின்றன.

மோரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் இவரே. மைனரின் மாதிரி வண்டி தயாரான பிறகு, அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் மனம் நிறைந்தார். பானட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த அறுவையின் தழும்பு. ஆக, இந்தக் காரை மாற்றியமைக்கும் வேலை அது விற்பனைக்கு வரும் முன்பே தொடங்கிவிட்டது.

மைனரின் ஸ்டேஷன் வேகன் வடிவமான டிராவலர் மரச் சட்டத்தோடு வந்தது 1953இல். 1971 வரை இரண்டு லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதே மோரிஸ் குடும்பத்தின் இன்னொரு கிளை நமக்கு நன்றாகத் தெரிந்தது: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3தான் இந்தியாவில் அம்பாசடர் ஆனது.

கப்பலும் விமானமும் உலோகத்துக்கு மாறிவிட்ட காலத்தில் காருக்கு ஏன் மரம்? ஒரு காரணம் செலவு. இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் வளைத்தெடுக்கும் பெரிய அச்சுகளுக்குக் கொட்டும் பணம், பல லட்சம் வண்டிகள் விற்றால்தான் திரும்பும். அளவாக விற்கும் வண்டிக்குத் தச்சரின் உளி மலிவு. இன்னொரு காரணம் இயற்பியல். ஆஷ் மரத்தின் விறைப்பு இரும்பினுடையதில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்குதான். ஆனால் அடர்த்தியோ பதினொன்றில் ஒரு பங்கு. ஒரு கம்பத்தின் தடிமனைக் கொஞ்சம் கூட்டினாலே அது வளையாமல் நிற்கும் திறன் வேகமாக ஏறும். இரும்புக் கம்பத்தைப் போல இரண்டு மடங்கு தடித்த ஆஷ் கம்பம் அதே அளவு வளைவைத் தாங்கும். எடையோ இரும்பினுடையதில் பாதியைத் தொடாது.

ஆஷுக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் உண்டு. அதன் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வசந்தத்தில் உருவாகும் பெரிய துளைகள் ஒரு வரிசை. கோடையில் உருவாகும் அடர்ந்த நார்கள் ஒரு வரிசை. அடி விழுந்தால் இந்த நார்கள் சட்டென்று முறியாமல் வளைந்து அதிர்ச்சியை விழுங்கும். சுத்தியல் பிடி, படகுத் துடுப்பு, கிரிக்கெட் ஸ்டம்பு எல்லாவற்றுக்கும் ஆஷைத் தேடுவது இதனால்தான். இன்னொரு வியப்பு: ஆஷ் வேகமாக வளர்ந்தால் மரம் உறுதியாக இருக்கும். வளையம் அகலமாகும்போது துளை வரிசை அப்படியே இருக்க, கெட்டியான நார்ப்பகுதிதான் பெருகும். தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களில் கதை நேர் எதிர்.

ஒரே குறை, ஆஷ் ஈரத்தைத் தாங்காது. டிராவலரின் பக்கக் கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகரும் காடியைப் பாருங்கள். மரத்தில் வெட்டிய ஒரு வாய்க்கால் அது. மழைநீர் அதில் இறங்கும், தூசி சேரும், வடிகால் துளை அடைபடும். நிழலில் நிறுத்திய வண்டிகளில் அங்கே பச்சைப் பாசி முளைத்திருப்பதைப் பார்க்கலாம். மரத்தின் ஈரப்பதம் எடையில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெயில் படப் பட வார்னிஷ் மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பு வழியே நுழையும் நீர், மிச்ச வார்னிஷ் மூடியிருப்பதால் வெளியேற வழி தெரியாமல் தங்கிவிடும். மேலே பளபளப்பு, உள்ளே மக்கல்.

அமெரிக்கர்கள் இந்தத் தொல்லையிலிருந்து வேறு வழியில் விடுபட்டார்கள். அங்கே மரச் சட்டத்தில் நின்ற கடைசி ஸ்டேஷன் வேகன் 1953 ப்யூக். ஃபோர்டின் கன்ட்ரி ஸ்குவையர் 1952இலேயே முழு இரும்பு உடலுக்கு மாறி, மரக்கோடு அச்சிட்ட படலத்தைப் பக்கங்களில் ஒட்டிக்கொண்டது. மக்குவதற்கு எதுவும் இல்லை. தாங்குவதற்கும் எதுவும் இல்லை.

இன்றைய சாலைக்கு டிராவலரைத் தயார் செய்பவர் இந்தப் படல வழியில் போக முடியாது, மரத்தை எடுத்தால் கார் இல்லை. அவருக்கு முதல் கேள்வி மரம் கிடைக்குமா என்பது. ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் 1990களில் போலந்தில் தென்பட்டது. 2012இல் பிரிட்டனிலும் கண்டறியப்பட்டது. அங்குள்ள ஆஷ் மரங்களில் பெரும்பங்கு இதற்குப் பலியாகும் என்பது வனவியலாளர்களின் கணிப்பு.

இரண்டாவது கேள்வி, கிடைக்கும் மரத்தை மக்காமல் காப்பது எப்படி? ரசாயனம் எதுவும் இல்லாமல், நீராவிச் சூழலில் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மரத்தைச் சுடும் முறை ஒன்று இருக்கிறது. மரத்தில் நீரை ஈர்க்கும் ஹெமிசெல்லுலோஸ் அந்தச் சூட்டில் சிதையும். மரம் காப்பி நிறமாகும், ஈரம் அதிகம் ஏற்காது, பூஞ்சைக்கும் தீனி குறையும். வீட்டுத் தளம், வெளிச்சுவர்ப் பலகை போன்றவற்றுக்கு இது அருமை. ஆனால் சூடு பட்ட மரம் எளிதில் முறியும். எந்தக் குணத்துக்காக ஆஷைத் தேர்ந்தார்களோ அந்த அதிர்ச்சி தாங்கும் குணமே குறைந்துவிடும். எனவே பாரம் தாங்கும் தூண்களுக்குச் சுடாத ஆஷ். பாரமில்லாத பட்டைகளுக்கு வேண்டுமானால் சுட்ட மரம். பளபளக்கும் தடித்த வார்னிஷுக்குப் பதில், நீராவியை வெளியே விடும் மெல்லிய பூச்சு. மூட்டுகளுக்கு எபாக்சிப் பசை. காடியில் பெரிய வடிகால் துளைகள். பெரும்பாலும் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான், ஆனால் சட்டத்தின் ஆயுள் இவற்றில்தான் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி எஞ்சின். கடைசி மைனர்களில் இருந்த 1098 சிசி எஞ்சின் 48 குதிரைத்திறன் தந்தது. இன்று பலர் அதை எடுத்துவிட்டு, விபத்தில் ஒதுக்கப்பட்ட மின்காரின் மோட்டாரைப் பொருத்துகிறார்கள். முதல் தலைமுறை நிசான் லீஃபின் மோட்டார் 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். பழைய எஞ்சினின் உச்சம் சுமார் 81. பின்னச்சு நொறுங்கிவிடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய காரில் முதல் கியர் எஞ்சினின் முறுக்கை ஏறத்தாழ 3.6 மடங்காக்கும்: 81 பெருக்கல் 3.6, ஏறக்குறைய 290. மின்மோட்டாரைக் கியர்பெட்டியே இல்லாமல் நேரடியாக இணைத்தால், அச்சுக்கு வரும் முறுக்கு பழைய முதல் கியர் தந்ததை ஒட்டியே இருக்கும். வேறுபாடு ஒன்றே. பழைய எஞ்சின் அந்த முறுக்கைப் புறப்படும்போது மட்டும் கொடுத்தது. மோட்டார் வேகமெடுத்த பிறகும் கொடுக்கும். ஆகவே கட்டுப்பாட்டுக் கணினியில் அதற்கு ஓர் எல்லை வைத்துவிட வேண்டும்.

பேட்டரிக்கும் கணக்கு உண்டு. லீஃபின் 24 கிலோவாட்-மணி பேட்டரி 48 தனிப் பெட்டிகளால் ஆனது. ஒவ்வொன்றும் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கழற்றிய எஞ்சின் இடத்தில் சிலவும் பெட்ரோல் டேங்க் இடத்தில் சிலவுமாகப் பிரித்து வைத்தால் முன்பின் எடை சமநிலை கெடாது. ஒரு கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி செலவு என்று கொண்டால் 160 கிலோமீட்டர் ஓடும். கூடவே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும். பின்னிருக்கை பெல்ட்டை மரத்தில் அல்ல, இரும்புத் தரையில் பூட்ட வேண்டும்.

இவ்வளவு மாற்றிய பிறகு அது மோரிஸ் மைனர்தானா? பிரிட்டிஷ் வாகனப் பதிவுத் துறை இதற்கு நெடுங்காலம் புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. பழைய பதிவெண் நிலைக்க எட்டுப் புள்ளி வேண்டும். அறுக்காத மூல உடலுக்கு ஐந்து. சஸ்பென்ஷன், அச்சு, ஸ்டீயரிங், கியர்பெட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. காரின் இதயம் என்று நாம் நினைக்கும் உறுப்புக்குத்தான் ஆகக் குறைந்த மதிப்பு.

எஞ்சினைவிட உடல்தான் முக்கியம் என்பதை இந்தக் காரை நீடிக்க வைத்தவர்களின் வரலாறும் சொல்கிறது. பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர், காரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரே காரைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது சிக்கனம் என்று வாதிட்டவர். மைனர்கள் ஏராளமாக ஓடிய இலங்கையில், 1990களில் அங்குள்ள பட்டறைக் கைத்திறனை நம்பி உதிரிபாகத் தயாரிப்பையே தொடங்கினார். தகட்டை அடித்து வளைக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை, உற்பத்தி நின்றது ஒரு பொருட்டில்லை.

டிராவலர் இத்தனை காலம் ஓடுவதற்கு அதன் மரம் உறுதியானது என்பதைவிட, மரம் மக்கும் என்பது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும் என்பதே பெரிய காரணம். மக்கிய பகுதியைப் போல்ட்டைத் திருகிக் கழற்றவும், அதற்குப் பதிலாகப் புதியதை ஒரு தச்சர் இழைத்துத் தரவும் முடிகிறது. மின்மயமாக்கும்போது தவறக் கூடாத பாடமும் அதுதான். பேட்டரி மரத்தைவிடச் சீக்கிரம் தேயும் உறுப்பு. அதைப் பசையிட்டு உடலோடு ஒட்டிவிட்டால், பேட்டரி சாகும் நாளில் காரும் சாகும். போல்ட் போட்டுப் பொருத்தி, பெட்டிவாரியாகக் கழற்ற விட்டுவைத்தால், அடுத்த தலைமுறைப் பட்டறைக்காரர் அன்றைக்குக் கிடைக்கும் பேட்டரியை வைத்து ஓட்டிக்கொள்வார்.