சேவையகப் பேணலும் உரிமையாளர் கடனும்

யாழ்ப்பாணத்து வளவுகளுக்குப் பனையோலையால் வேலி அடைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கதியால்கள் நிற்க, உக்கிய ஓலை களையப்பட்டுப் புதிய ஓலை வைத்துக் கட்டப்படும். அவ்வேலையைச் செய்வோர் கூலியாளரேயாயினும், எல்லை யாதென அறிந்து அருகில் நிற்க வேண்டியவர் வளவுக்காரரே. கூலி கொடுத்தமையால் எல்லை பற்றிய பொறுப்பு அவரைவிட்டு நீங்குவதில்லை. தம் சேவையகங்களைப் பிறரைக் கொண்டு பேணுவிக்கும் நிறுவனங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

சேவையகமாவது பலருக்கு ஒருங்கே பணிசெய்யும் கணினி. அதன் பணிசெயல் முறைமைக்கு நடுவாய் அமைவது கேர்னல் எனப்படும். நினைவகம், வட்டு, வலையமைப்பு முதலியவற்றைச் செய்நிரல்களுக்குப் பங்கிட்டளித்தலும், ஒன்றன் எல்லையுள் மற்றொன்று புகாது காத்தலும் அதன் தொழில்களாம். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் கேர்னலே இன்று மிகப் பல சேவையகங்களை இயக்குகின்றது.

காவலையே தொழிலாகவுடைய கேர்னலிற் குறை நேரின் விளையுந் தீங்கு பெரிது. 2016ஆம் ஆண்டில் ‘டேர்ட்டி கவ்’ எனப் பெயர்பெற்ற குறையொன்று வெளிப்பட்டது. 2007 முதல் லினக்ஸில் மறைந்து கிடந்த அக்குறையின் வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவரும் முழு அதிகாரம் பெறுதல் கூடும். இத்தகைய குறைக்குத் திருத்தம் வெளிவந்த பின்னரும் பழைய கேர்னலையே வைத்திருத்தல், திறப்பு களவுபோனதை ஊரறிந்த பின்னும் பூட்டை மாற்றாதிருத்தலை ஒக்கும்.

ஆயினும், புதுக்குதலும் இடரற்றதன்று. புதிய கேர்னலை நிறுவுதல் சில நிமிட வேலையே. சேவையகத்தை மீளத் தொடக்கும்போதே இடர் தோன்றும். வலையமைப்பு அட்டையையோ வட்டையோ புதிய கேர்னல் இனங்காணாவிடின், இயந்திரம் எழாது. எழினும் தொலைவிலிருந்து அதனை அணுக இயலாது. சேவையகம் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருக்க, உரிமையாளர் யாழ்ப்பாணத்திலிருப்பின், இடர் பின்னும் மிகும். இதனாலேயே பலர் இப்பணியைச் சேவையகப் பேணலிற் பயின்றோரிடம் ஒப்படைக்கின்றனர்.

ஒப்படைக்குமுன் கேட்கத்தக்கன ஐந்து. முதலாவது, தரவுகள் யாவும் வேறோரிடத்தில் படியெடுக்கப்பட்டு, அப்படி மீட்டுப் பார்க்கப்பட்டதா என்பது. இரண்டாவது, புதியது பிழைப்பின் திரும்புதற்குப் பழைய கேர்னல் விட்டுவைக்கப்படுமா என்பது. மூன்றாவது, வலையமைப்பு அற்றவிடத்தும் இயந்திரத்தை அணுகும் வழி உண்டா என்பது. நான்காவது, சேவை எந்நேரத்தில், எவ்வளவு நேரம் தடைப்படும் என்பது. ஐந்தாவது, வேலை முடிந்தபின் கடவுச்சொற்கள் மாற்றப்பட்டுச் செய்தவை எழுத்திற் பதியப்படுமா என்பது. நிறுவியபின் மீளத் தொடக்காவிடின் பழைய கேர்னலே இயங்கிக்கொண்டிருக்குமாதலின், இயங்குவது எதுவென வினவி அறிதலும் வேண்டும்.

இக்கேள்விகள் வீணல்ல என்பதை இலங்கை 2023ஆம் ஆண்டிற் கண்டது. அரசாங்க மேகக் கணினியகத்தில் இயங்கிய மின்னஞ்சற் சேவை அவ்வாண்டு ஓகத்து மாதத்திற் கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகத்து 26 வரையிலான அஞ்சல்கள் அழிந்தன. அங்கே பழமைப்பட்டிருந்தது கேர்னலன்று, 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் மென்பொருள். நிதிக்குறைவு முதலியவற்றால் அதனைப் புதுக்குதல் தள்ளிப்போடப்பட்டிருந்தது. அக்காலத்து அஞ்சல்களுக்கு, வலையமைப்பிலிருந்து பிரித்துவைத்த படியும் இருந்திலது. கருவி வேறாயினும் பாடம் ஒன்றே: புதுக்குதலைத் தள்ளிப்போட்டதும் தனிப்படி வைக்காததும் ஒருங்கே கூடியபோது, இழந்ததை மீட்கும் வழி இல்லாதொழிந்தது.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அவ்விழப்பை அறிந்த மண்ணில், பாடசாலைப் பதிவேடுகளும் பழைய இதழ்களும் இன்று சேவையகங்களில் ஏறிவருகின்றன. அவற்றைப் பேணுவிப்போர்க்குப் படியின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதலையும் தெரிந்து வினையாடலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தனர். ஆளை ஆராய்ந்து நம்புதலும், நம்பியவரிடம் வினையை ஒப்படைத்தலும் அவற்றின் பொருளாம். தொழில்நுட்பம் அறியாமை உரிமையாளர்க்குக் குற்றமன்று. கேட்க வேண்டியதைக் கேளாமையே குற்றம்.