ஒரு சொல், ஒரு கையெழுத்து

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஆப்ஷன்' புதிய சொல் அல்ல. அதன் வினைச்சொல் 'ஆப்ட்'. விரும்பு, தேர்ந்தெடு என்று பொருள்படும் 'ஒப்டாரே' எனும் லத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தத்தெடுப்பதைக் குறிக்கும் 'அடாப்ட்' இதன் உடன்பிறப்பு. 'ஆப்ட் ஃபார்' என்றால் ஒன்றைத் தேர்ந்துகொள்வது. 'ஆப்ட் அவுட்' என்றால் வேண்டாமென்று விலகிக்கொள்வது.

1987-ல் பென்ஷன் இல்லாத வைப்பு நிதித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. அதிலேயே நீடிக்க விரும்புவோர் செப்டம்பர் 30-க்குள் எழுதித் தரவேண்டும். தராதவர்கள் பென்ஷனுக்கு மாறியதாகக் கொள்ளப்படும். அதாவது, சும்மா இருந்தாலே பென்ஷன்!

எங்கள் பிரிவில் இருந்த மூத்த மேஸ்திரி ஒருவர், "தம்பி, இதைப் படிச்சுச் சொல்லுங்க" என்றார். வரிக்கு வரி அர்த்தம் சொன்னேன். மகள் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் கிடைக்குமே என்று வைப்பு நிதிக்கே கையெழுத்திட்டார். கல்யாணம் சிறப்பாக நடந்தது. பணமும் தீர்ந்தது. பின்னாளில் சக ஊழியர்கள் பென்ஷனும் பஞ்சப்படியும் வாங்கியபோது, அவர் மகன் கையை எதிர்பார்த்திருந்தார். அர்த்தம் சொன்ன நான், கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

2025-ல் ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம் வந்தது. இம்முறை நேர்மாறு: சும்மா இருந்தால் இருக்கும் திட்டமே தொடரும், புதியது வேண்டுமென்றால் எழுதித் தரவேண்டும். மத்திய அரசு ஊழியரான என் மாப்பிள்ளை படிவத்தோடு வந்தார். "அர்த்தம் தெரியும் மாமா, எதை எழுதட்டும்?" என்றார்.

"முதலில் காகிதமும் பென்சிலும் எடுங்கள்" என்றேன்.